மலைநாடும் கண்ணாடித் தகடும்

கண்டி வாவிக்கரையில் அதிகாலையில் உலாவியவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். நீரின்மேல் வெண்ணிறப் பஞ்சு போலப் படிந்து கிடக்கும் பனிப்புகார் மெல்ல மெல்ல மேலெழும். முதலில் வாவியைச் சுற்றியோடும் முகில்மதிலின் மாடக்குழிகள் தெரியும்; பின்னர்த் தலதா மாளிகையின் எண்கோண மண்டபம்; அதன்பின் உடவத்தைக் காடு; கடைசியாகவே ஹந்தானை மலையின் முகடு. இவையெல்லாம் சில நிமிட நேரத்துள் நடந்து முடிந்துவிடும். இன்று அவ்வழியே செல்லும் பள்ளிச் சிறுவன்கூடக் கைத்தொலைபேசியை உயர்த்தி அதனை ஒரு நொடியிற் படமாக்கிக்கொண்டு போய்விடுகின்றான். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே கரையில் இதே காட்சிக்காகக் காத்து நின்ற ஒருவருக்கு, பனி விலகும் அந்தச் சில நிமிடங்களுக்குள் தகடு செய்து, அது காயுமுன் ஒளி காட்டி, காயுமுன்னரே அதனைக் கழுவியும் முடிக்க வேண்டியிருந்தது.

அம்முறைக்கு ஈரக்கொலோடியன் முறை என்று பெயர். பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயச் சிற்பி அதனை 1851ஆம் ஆண்டு வெளியிட்டார். காப்புரிமை எதுவும் கோராது உலகிற்கு வழங்கிவிட்டு, 1857இல் வறியவராகவே இறந்தார். அவருக்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகெங்கும் படம்பிடித்தோர் அவருடைய முறையைக் கொண்டே பிழைத்தனர். கண்ணாடித் தகடொன்றை மாசு மறுவின்றித் துலக்கி, ஈதரிலும் அற்ககோலிலும் கரைத்த வெடிபஞ்சுக் கரைசலை அதன்மேல் ஊற்ற வேண்டும். தகட்டைச் சாய்த்துச் சாய்த்து அக்கரைசலை நான்கு மூலைகளுக்கும் ஓடவிட்டு, எஞ்சியதைப் புட்டியில் வடித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இருட்டில் வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அமிழ்த்தி எடுத்தால் தகட்டுக்கு ஒளியை உணரும் ஆற்றல் பிறக்கும். ஈரம் இருக்கும்வரையே அந்த ஆற்றலும் இருக்கும். படலம் உலரத் தொடங்கியதும் தகடு பயனற்றுப் போகும்.

ஐரோப்பாவிற் குளிரான ஓர் அறையில் இதனைச் செய்வது ஒன்று; இலங்கையிற் செய்வது முற்றிலும் வேறொன்று. ஈதர் 35 பாகை செல்சியசு வெப்பத்திற்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும் நீர்மம். கொழும்பு வெயிலில் அதனைத் தகட்டின்மேல் ஊற்றினால், மூலைக்கு ஓடுமுன்னரே ஒரு பக்கம் உலர்ந்துவிடக்கூடும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் உள்ளது. அந்த உயரம் தரும் குளிர்ச்சி படம்பிடிப்பவருக்கு ஒரு வரம் எனலாம். ஆயினும் அந்த வரத்துடன் ஒரு சாபமும் சேர்ந்தே வந்தது. தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் மாறி மாறிப் பெய்யும் அந்நகரில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களையே ஓரளவு நம்பலாம். எஞ்சிய நாட்களில் ஈரக்காற்றுத் தோற்பெட்டியிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். கமெராவின் மரச்சட்டத்தை உப்பவைக்கும்.

அன்றியும், படத்தைப் பெரிதாக்கும் வசதி அக்காலத்தில் நடைமுறையில் இல்லை. தகடு எவ்வளவோ, அவ்வளவே படம். பத்து அங்குலப் படம் வேண்டுமாயின் பத்து அங்குலத் தகடு, அதற்கேற்ற கமெரா, அதற்கேற்ற முக்காலி. இவற்றோடு இருட்கூடாரம், தொட்டிகள், புட்டிகள், நல்ல நீர் நிறைந்த பாத்திரங்கள். இத்தனையையும் மலைப்பாதையிற் சுமந்தவர்கள் யார்? படத்தின் கீழ் அவர்கள் பெயர் இல்லை. சிலவேளை ஒரு பாழ்மண்டபத்தின் தூணருகே, தூணின் உயரம் தெரியும்பொருட்டு நிறுத்தப்பட்ட சிற்றுருவமாக மட்டும் அவர்கள் தோன்றுவதுண்டு.

கண்டியிற் படத்தொழில் நடத்தியவருள் முதலிற் கருதத்தக்கவர் யோசப் லோட்டன் என்பவர். 1866ஆம் ஆண்டளவில் அவர் இங்குத் தொழில் தொடங்கினார். மறு ஆண்டு, 1867இல், கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அதனோடு வாடிக்கையாளரும் வந்தனர். கோப்பித் தோட்டத் துரைமார், அவர்தம் குடும்பத்தினர், கப்பலிலிருந்து இறங்கி இரண்டு நாள் மலைநாடு பார்த்துச் செல்லும் பயணிகள். ஆனால் லோட்டனின் பெயர் நிலைத்தது அவர்களால் அன்று. தேசாதிபதி சேர் ஹெர்க்குலிஸ் றொபின்சன் காலத்தில், 1868இல், தொல்பொருட் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதன் பணிக்காக 1870, 1871 ஆகிய ஆண்டுகளில் லோட்டன் அனுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களுக்குச் சென்று படம்பிடித்தார். மண்மூடிய படிக்கட்டுகளும், ஆலும் அரசும் பிளந்த தாதுகோபங்களும், புதரிடை நின்ற கற்றூண்களும் திருத்தப்படுமுன் எவ்வாறு இருந்தன என்பதற்கு அவருடைய தகடுகளே இன்று சான்று. அவருடைய உடல்நலமோ கெட்டது. இங்கிலாந்து திரும்பிய அவர் 1872இல் இறந்தார்.

அவர் விட்ட இடத்தில், ஒரு வகையில், சார்ள்ஸ் ஸ்கோவன் தொடங்கினார். ஏறத்தாழ 1873இல் இலங்கைக்கு வந்த ஸ்கோவன், முதலிற் கண்டியில் ஒரு தரகு வணிகரிடம் உதவியாளராக இருந்தார். 1876 அளவிற் சொந்தமாகப் படக்கூடம் அமைத்துவிட்டார். பின்னாளிற் கொழும்பிலும் கிளை கண்ட அந்நிறுவனத்தின் படங்கள் இன்று இலண்டன் முதலிய நகரங்களின் காட்சிச்சாலைகளிற் பேணப்படுகின்றன. அவருடைய வாழ்க்கை பற்றிய செய்திகள் மிகச் சில. ஆகவே படங்களைக் கொண்டே மனிதரை அறிய வேண்டியுள்ளது. கடைத்தெருவிற் பயணிகளுக்கு விற்பதற்கென எடுக்கப்பட்டவைதாம் அவை. எனினும் அவற்றுட் பலவற்றில் ஒரு நிதானம் தெரிகின்றது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அணுகி, ஒளி எங்கிருந்து வந்தால் அது பேசும் என்று தேடிய கண் தெரிகின்றது.

அவருக்கு வாய்த்த பெரும் பரிசோதனைக்கூடம் பேராதனைத் தாவரவியற் பூங்கா. கண்டியிலிருந்து நான்கு மைல் தொலைவில், மகாவலி கங்கை வளைந்தோடும் அரவணைப்புள், 1821இல் நிறுவப்பட்டது அது. பூங்காவின் இறப்பர் மரங்கள் — இவை பால்வெட்டும் தோட்டத்து இறப்பர் அல்ல, இந்திய இறப்பர் எனப்படும் ஆலினத்து மரங்கள் — தம் வேர்களைப் பாம்புக் கூட்டம் போல நிலத்தின்மேற் பரப்பிக்கொண்டு நின்றன. ஆற்றோரத்தில் ஆனைமூங்கிற் புதர்கள். ஆயுளில் ஒருமுறை மட்டும் பூத்து மடியும் தாளிப்பனை. பயணிகளுக்கு இவை வியப்பு. படம்பிடிப்பவருக்கோ தீராத் தலைவலி.

ஏனெனில், கொலோடியன் தகடு உலகைப் பார்த்த பார்வை மனிதர் பார்க்கும் பார்வை அன்று. நீல ஒளியை அது மிக நன்றாக உணரும். பச்சையை அரைகுறையாகவே உணரும். சிவப்பை அறவே உணராது. கண்டியோ பச்சை வண்ணத்தாலான ஊர். மாமரத்தின் பச்சை வேறு, மூங்கிலின் பச்சை வேறு, நெல்வயலின் பச்சை வேறு என்று கண் நூறு வகை காணும் இடத்தில், தகடு ஒரே கருந்திட்டைக் காட்டும். இலைகளுக்குப் போதிய நேரம் ஒளி காட்டினால், வானம் அளவு மிஞ்சி வெறும் வெண்தாளாகிவிடும். வானத்து முகிலைப் பிடிக்கக் குறைத்தால், காடு மையில் தோய்ந்துவிடும். அக்காலத்து மலைநாட்டுப் படங்களில் வானம் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்நாளிற் கண்டி வானில் முகில் இல்லாமற் போகவில்லை. சிலர் முகிலை வேறொரு தகட்டிற் பிடித்துவைத்து, அச்சிடும்போது வானத்தில் ஒட்டவைத்தனர். ஒரே முகில் இரண்டு ஊர்களின்மேல் மிதக்கும் வேடிக்கைக்கும் அது இடந்தந்தது.

தகடு பச்சையை உணரமாட்டாதெனில், இலையை இலையாகக் காட்டும் வழி யாது? நிறத்தை விட்டு உருவத்தைப் பற்றுவதே. தாவரங்களைப் படம்பிடிக்கையில் ஸ்கோவன் படக்கூடத்தார் செய்தது அதுவே எனலாம். தோட்டம் முழுவதையும் அள்ள முயலாமல் ஒரு கிளை, ஒரு குலை, ஒரு வேர்த்தொகுதி என்று அருகே சென்றனர். பக்கவாட்டில் விழும் காலையொளி இலையின் நரம்புகளைப் புடைத்துக் காட்டியது. காற்று எழுமுன் வேலை முடிய வேண்டும். ஒளி காட்டும் நேரம் பல வினாடிகள், நிழலிடையே இன்னும் மிகுதி. அதற்குள் ஓர் இலை அசைந்தாலும் படத்தில் அது ஆவியாகும். மகாவலியின் நீர் இப்படங்களிற் பாலாடை போல விளங்குவதும் இதனாலேதான். ஓடும் நீரை நிறுத்தவல்ல விரைவு அந்தத் தகட்டிற்கு இல்லை. கண்டியின் பெருஞ்சிறப்பான பெரஹராவோ, தீவட்டி ஒளியில் ஆடியசைந்து செல்லும் யானைகளும் நடனக்காரருமாதலின், அத்தலைமுறையாரின் கமெராவுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

இனிப் படக்கூடத்துள் நுழையலாம். ஐரோப்பியக் கைந்நூல்கள் அனைத்தும் அன்று ஒரு விதியை வேதவாக்காகக் கூறின: படக்கூடத்தின் கண்ணாடிக் கூரை வடக்கு நோக்கியிருத்தல் வேண்டும், வடதிசையில் ஞாயிறு வராதாகையால் நாள் முழுவதும் ஒரு சீரான மென்மையொளி கிட்டும். இலண்டனுக்கும் பாரிசுக்கும் இது மெய். வட அகலக்கோடு 7 பாகையளவில் உள்ள கண்டிக்கோ பாதி மெய்தான். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களுக்கு முன் ஞாயிறு கண்டியின் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகின்றது. மீண்டு தெற்கே வருவது செத்தெம்பர் முதல் வாரத்தில். ஏறக்குறைய ஐந்து மாத காலம் வடக்குக் கூரையினூடே வெயிலே நேராக இறங்கும். கைந்நூலை நம்பிக் கூரை வேய்ந்தவர் வெண்சீலைத் திரைகளை இழுத்தும் விட்டும், மாதத்துக்கொரு விதமாக ஒளியை வடித்தெடுக்காமல் தப்ப முடியாது. நூலறிவு நாட்டோடு பொருந்தும்வரை கைப்பழக்கமே துணை.

இருக்கையில் அமர்ந்தவரின் நிலையும் எண்ணத்தக்கது. தலை அசையாதிருக்க இரும்புக் கவை ஒன்று பின்னாலிருந்து பிடரியைத் தாங்கும். சில வினாடிகள் கண்ணிமைக்கவும் அஞ்சி இருக்க வேண்டும். பழைய படங்களில் யாருமே சிரிக்கவில்லையே என்று கேட்பவர்கள், அக்கவையில் ஒருமுறை தலையை வைத்துப் பார்த்தால் மறுமுறை கேளார்.

அவ்விருக்கைக்கு இருவகை மாந்தர் வந்தனர். ஒரு வகையார் காசு கொடுத்து வந்தவர். தோட்டத்துரை, அவருடைய மனைவி, நாற்கோண முடியும் பல சுற்று ஆடையும் புனைந்த கண்டிப் பிரதானி. அவர்கள் தாம் விரும்பியவாறு அமர்ந்தனர். படத்தைத் தாமே கொண்டு சென்றனர். மற்றொரு வகையார் அழைத்து வரப்பட்டவர். அவர்களுடைய படத்தை வாங்கியவர் வேறொருவர். ‘தமிழ்ப் பெண்’, ‘கூலிக்காரன்’, ‘றொடியாப் பெண்’ என்று தலைப்பிட்டு, எண்ணிட்டு, அட்டையில் ஒட்டி விற்கப்பட்ட படங்கள் பல. ஸ்கோவன் மட்டுமன்று, அன்று இலங்கையில் படத்தொழில் செய்த நிறுவனங்கள் பலவும் அதே சரக்கை விற்றன.

அப்படங்களில் ஒன்றையேனும் நிதானித்துப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து, கோப்பித் தோட்டம் சேர்ந்தவர்களின் மக்கள் அவர்கள். மூக்குத்தி, தண்டட்டி, கையில் வளையல், தோளில் மடித்த சேலை. ஒளி அத்துணை நேர்த்தியாக விழுந்திருக்கின்றது. தோலின் மினுக்கமும் சேலையின் நூலிழையும் தனித்தனியே தெரிகின்றன. அப்பெண்ணின் முகத்தை இவ்வளவு கவனத்தோடு நோக்கிய கமெராக்காரர் அவளுடைய பெயரை மட்டும் கேட்டெழுதவில்லை. பூங்காவில் ஒரு செடியைப் படம்பிடித்தபோது அதன் இலத்தீன் பெயர் தவறாமல் எழுதப்பட்டது. தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இப்படங்கள் பெருஞ்செல்வம். அதே வேளையில் நெஞ்சை உறுத்தும் முள்ளும் ஆகும். இவள் யார் வீட்டுப் பாட்டி என்று கேட்கும் உரிமை உடையோர் இன்றும் ஹற்றனிலும் மாத்தளையிலும் வாழ்கின்றனர். விடை தரும் ஏடுதான் இல்லை.

இதே ஆண்டுகளில் மலைநாட்டில் இன்னொரு கமெராவும் இருந்தது. இங்கிலாந்திற் பெரும் புகழ் பெற்ற யூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் 1875இல் தம் கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் திக்கோயாப் பள்ளத்தாக்கிலும் தங்கினார். இங்கு அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. அவை விற்பனைக்கு எடுக்கப்பட்டவை அல்ல. தம்மைச் சூழ வாழ்ந்தவர்களையே அவர் எடுத்தார். எனினும் பெயரெழுதும் வழக்கம் அவருக்கும் இந்நாட்டில் வரவில்லை. 1879ஆம் ஆண்டு சனவரியில் இறந்த அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அதற்குள் தொழில்முறையே மாறத் தொடங்கியிருந்தது. 1880ஐ ஒட்டிச் செலற்றின் உலர்தகடுகள் கடைகளில் வந்தன. ஆயத்தமான தகட்டைப் பெட்டியிலிட்டுக்கொண்டு எங்கும் செல்லலாம். வீடு திரும்பிக் கழுவிக்கொள்ளலாம். ஒளி காட்டும் நேரமும் வினாடியின் பின்னமாகக் குறைந்தது. இருட்கூடாரம் சுமந்த தோள்கள் ஓய்ந்தன. வெப்ப நாட்டில் மட்டும் ஒரு புதுத் தொல்லை: கழுவும் நீர் சற்றே சூடாயிருந்தாலும் செலற்றின் படலம் இளகிக் கண்ணாடியை விட்டுக் கழன்று சுருளும். படிகாரக் கரைசலில் தோய்த்து அதனை இறுகச் செய்வது வழக்கமாயிற்று. மலைச்சரிவுகளின் தோற்றமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. ஸ்கோவன் நிறுவனமும் நூற்றாண்டு முடியுமுன் மறைந்தது. அதன் தகடுகள் 1890களிற் கொழும்பு அப்போதிக்கரிசு கம்பெனியின் கைக்கு மாறின.

விற்பனையை எண்ணாது, தன் கண்ணுக்காகவே சோதனை செய்த ஒருவர் தோன்ற மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. லயனல் வெண்ட் 1900இற் கொழும்பிற் பிறந்தவர். இலண்டனிற் சட்டமும் பியானோ இசையும் பயின்றவர். வழக்குரைஞர் தொழிலை வேண்டாமென உதறியவர். 1930களில் அவர் கையிலெடுத்த சிறு கமெரா கண்டி நாட்டின் வயல், ஓடை, மலைச்சரிவு, முழவு, நடனக்காரர் ஆகிய எல்லாவற்றையும் தேடிச் சென்றது. 1934இல் பசில் றைற் என்பவர் ‘இலங்கைப் பாட்டு’ என்னும் படத்தை எடுக்க வந்தபோது, வழிகாட்டியாக நின்றவரும் அதிற் பின்னணிக் குரல் கொடுத்தவரும் வெண்டே. அக்குரல் வாசித்தது, கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்சு 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகள்.

வெண்டின் சோதனைகள் பெரும்பாலும் இருட்டறையில் நிகழ்ந்தவை. பாதி கழுவிய படத்தின்மேல் ஒரு கணம் விளக்கொளியைப் பாய்ச்சுவார். கருமையும் வெண்மையும் இடம் மாறத் தொடங்கி, இரண்டுக்கும் இடையே வரைந்தாற்போல ஒரு கோடு தோன்றும். கமெராவே இன்றி, தாளின்மேற் பொருள்களைப் பரப்பி ஒளி காட்டி நிழலையே ஓவியமாக்குவார். இரண்டு மூன்று நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிடுவார். இவ்வித்தைகள் சிலவற்றிற் புதுமை மோகமே மிகுந்திருக்கின்றது என்று சொன்னால் அது வசையாகாது. ஆனால் ஒரு கண்டி நடனக்காரரின் முதுகை, வியர்வையின் பளபளப்போடு, எந்தத் தந்திரமுமின்றி அவர் பிடித்த படத்தின் முன் அவ்வித்தைகளை மறந்துவிடலாம். ஸ்கோவனின் கூடத்திற் பிடரியிற் கவையோடு அமர்ந்த மனிதர், இங்குத் தம் சொந்த ஊரில், தம் தாளத்தில் நிற்கின்றார்.

1938இல் இலண்டனில் வெண்டின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1944 திசெம்பரில், நாற்பத்துநான்காம் வயதில், அவர் மாரடைப்பால் திடீரென இறந்தார். அவர் இறந்த பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் தம் கையால் அச்சிட்ட தாள்கள் எஞ்சின. நண்பர்கள் அவற்றுட் சிலவற்றைத் தொகுத்து 1950இல் நூலாக வெளியிட்டனர். வேறோர் அச்சு எடுக்க இனி வழியில்லை.

அக்காலத்தவர் எவரும் படம்பிடியாது விட்டுவைக்காத பொருளொன்று பேராதனையில் இருந்தது. மகாவலியின் குறுக்கே முதிரை மரத்தாலேயே கட்டிய பாலம்; 1833 அளவில் முடிந்தது; 205 அடி அகலத்தை நடுவே தூணின்றி ஒரே வளைவில் தாண்டியது. 1905இல் அதனைக் கழற்றிவிட்டு இரும்புப் பாலம் அமைத்தனர். மரப்பாலத்தை இன்று காண விரும்புவோர் அக்காலத்துப் படங்களைத்தாம் நாட வேண்டும். அவற்றில் வளைவின் ஒவ்வொரு மரமும் கூர்மையாகத் தெரியும். கீழே ஆறு பாலாடையாகக் கிடக்கும். பாலத்தின்மேல் சில வினாடிகள் நின்று பின் நடந்துபோன யாரோ ஒருவர், கால்கள் மட்டும் தெளிவாகவும் தலை புகையாகவும் அதில் இருக்கக்கூடும்.